ட்ரெய்லர் கட்டப் போறீங்களா? ரம்பத்துக்கு முன்னாடி தராசு வாங்குங்க

மக்களே, ரெண்டு மூணு மாசமா இந்தப் பக்கமே வரல. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். போன வாரம் கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தர் செல்போன்ல ஒரு படத்தைக் காட்டினாப்ல. "அண்ணே, நீங்க கட்டின மாதிரியே நானும் ஒரு டியர்டிராப் கட்டப் போறேன். ப்ளான் எல்லாம் ரெடி"ன்னு. படம் நிஜமாவே அழகு. கம்ப்யூட்டர்ல முப்பரிமாணத்துல வரைஞ்சு, கதவுக்கு வட்டமா கண்ணாடி வச்சு, பின்னாடி சமையல் மேடை, அதுல மசாலா டப்பா உட்கார தனித்தனி குழி வரைக்கும் போட்டிருந்தாப்ல.

"எடை எவ்வளவு வரும் தம்பி?"ன்னு கேட்டேன்.

"ரொம்ப லைட்டுண்ணே. சின்ன வண்டி தானே."

எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. ஏன்னா இதே கேள்விக்கு இதே பதிலை நானும் ஒருத்தர்கிட்ட சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் நடந்தது என்னன்னு வீட்டுக்கு வெளியில யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. வண்டி கட்டின கதையை மட்டும் பெருமையா படம் காட்டிக்கிட்டு, இதை மறைச்சது தப்புன்னு இப்ப தோணுது. அதான் இந்தப் பதிவு. என் கருத்து ஒண்ணுதான், முதல்லயே சொல்லிடறேன்: வீட்டுல ட்ரெய்லர் கட்டுறவனுக்கு ப்ளான்னா அது படம் இல்ல, எடைக் கணக்கு. அந்தக் கணக்கு போடாதவன் ப்ளான் போடல, படம்தான் வரைஞ்சிருக்கான்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டியர்டிராப்னா கண்ணீர்த் துளி. பக்கவாட்டுல பார்த்தா முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிஞ்சு, துளி படுத்த மாதிரி இருக்கும். காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போற குட்டி ட்ரெய்லர். உள்ள நிக்க முடியாது, படுக்கலாம், அவ்வளவுதான். பின்பக்க மூடியைத் தூக்கினா சமையல் மேடை. அமெரிக்காவுல 1930கள்ல ஆரம்பிச்சு, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச கையோட நல்லா பரவின சமாச்சாரம். 1947ல மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்ங்கிற பத்திரிகை, வீட்டுலயே கட்டிக்க வரைபடம் போட்டுச்சு. இன்னிக்கும் அதை வச்சு கட்டுறவங்க இருக்காங்க. அளவு பெரும்பாலும் 4 அடி அகலம், 8 அடி நீளம். காரணம் ரொம்ப சிம்பிள். கடையில ப்ளைவுட் பலகை 4க்கு 8 அடியாத்தான் வருது. ஒரு பலகை தரைக்கு, பக்கத்துக்கு ஒரு பலகை, வீணாகாம முடிச்சுடலாம்.

நாங்க இருக்கிறது ஓஹையோல, சின்சினாட்டி பக்கம். 2021 ஜனவரியில ஆரம்பிச்சேன். குளிர்ல வெளியில போக முடியாது, கராஜ் சும்மா கிடக்குது, பொண்ணு ஸ்கூல் பாதி நாள் வீட்டுல இருந்தே. "அப்பா, ஏதாச்சும் செய்யலாம்"னா. ரெண்டு பேரும் வரைபடத் தாள்ல வளைவு போட ஆரம்பிச்சோம். நான் நாலு விதமா வரைஞ்சேன், அவ அஞ்சு விதமா வரைஞ்சா. அவளோடதுதான் ஜெயிச்சுது. அதை நிஜ அளவுல அட்டைப் பலகையில வெட்டி, கராஜ் சுவத்துல சாத்தி வச்சு, தங்கமணியைக் கூப்பிட்டுக் காட்டினோம். "இதுக்குள்ள நான் படுக்கணுமா?"ன்னு ஒரே கேள்வி கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க.

ப்ளான் போட்டேன்னு சொல்றேனே, எதுக்கெல்லாம் போட்டேன் தெரியுமா? கூரைக்கு எத்தனை மில்லிமீட்டர் ப்ளைவுட் உடையாம வளையும். மேல போடற அலுமினியத் தகட்டோட ஓரத்துல தண்ணி இறங்காம இருக்க சிலிக்கான் வேணாம், ப்யூட்டைல் டேப்தான் சரி. மரத்துக்கு ஈரம் ஏறாம இருக்க, பாலியூரித்தேன் வார்னிஷை மினரல் ஸ்பிரிட்ல நீர்க்கக் கரைச்சு எத்தனை தடவை பூசணும். ரெண்டு பேர் விடற மூச்சு ராத்திரி பூரா உள்ள தண்ணியா படியுமே, அதுக்குக் கூரையில விசிறி எங்க வைக்கிறது. இத்தனைக்கும் நோட்டுல பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல.

ஆனா அந்த நோட்டுல ஒரு இடத்துலகூட கிலோன்னோ பவுண்டுன்னோ ஒரு எண் இல்ல.

பின்னாடி இருக்கிற சமையல் மேடைக்கு இங்க கேலின்னு பேரு. கப்பல்ல இருக்கிற சமையல்கட்டுக்கு உள்ள பேரு. பேரு ராசியோ என்னவோ, கடைசியில என்னையே கேலி பண்ணிடுச்சு. அதுலதான் என் மொத்த ஆசையையும் கொட்டினேன். கெட்டி மரத்துல இழுப்பறை. இரும்பு தோசைக்கல்லுக்குத் தனி இடம். குக்கர், இட்லிப் பாத்திரம், ரெண்டு பர்னர் அடுப்பு. ஐஸ் பெட்டி. விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு பெரிய லெட் ஆசிட் பேட்டரி, அது மட்டுமே 28 கிலோ. வயர் குறைவா ஓடும்னு அதையும் அந்த மேடைக்கு அடியிலயே வச்சேன். சாமர்த்தியமாம்!

பக்கத்து வீட்டுல ஒரு பெரியவர் இருக்கார். ரிட்டயர்டு மெக்கானிக். அவரோட அப்பா 1950கள்ல இதே மாதிரி ஒண்ணு கட்டினவராம். சனிக்கிழமை காலையில காப்பிக் கோப்பையோட வந்து கராஜ் வாசல்ல நிப்பார். அதிகம் பேச மாட்டார். வண்டி முடியற நேரத்துல ஒரு நாள் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "எடை போட்டீங்களா?"ன்னு கேட்டார்.

"ரொம்ப லைட்டுதாங்க. எங்க கார் 3500 பவுண்டு இழுக்கும், இது அதுல பாதிகூட வராது"ன்னேன்.

"நான் மொத்த எடையைக் கேக்கல. நாக்கு எடை"ன்னார். ட்ரெய்லரோட முன்பக்கம் நீட்டிக்கிட்டு காரோட பந்துல போய் உட்காருதே, அந்தக் கம்பிக்கு இங்க நாக்குன்னுதான் பேரு. பந்து மேல அது எவ்வளவு பாரமா உட்காருதோ அதுதான் நாக்கு எடை.

"பார்க்கறேன்"னேன். பார்க்கல.

முதல் வருஷம் பக்கத்துல இருக்கிற பார்க்குகளுக்கு நாலு தடவை போய் வந்தோம். 45 மைல் வேகத்துல ஊர்ப் பாதை. வண்டி குழந்தை மாதிரி பின்னாடியே வந்துச்சு. பெட்ரோல் போடற இடத்துல எல்லாம் ஆளுங்க வந்து நின்னு விசாரிப்பாங்க. "நீங்களே கட்டினதா?"ன்னு கேட்கும்போது வர்ற அந்த போதை இருக்கே, சொல்லி மாளாது.

2022 அக்டோபர்ல ஸ்மோக்கி மலைக்குக் கிளம்பினோம். பொண்ணு அப்ப பன்னிரண்டாவது. அடுத்த வருஷம் காலேஜ் போயிடுவா, அதுக்கு முன்னாடி இலை நிறம் மாறுற நேரத்துல ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து போகணும்னு. அவளுக்குத் தனியா ஒரு கூடாரம், எங்களுக்கு வண்டி. இன்டர்ஸ்டேட் 75ல நேரா தெற்க. எங்க போனாலும் தண்ணி இல்லாம போயிடுமோன்னு நமக்கு ஒரு பயம் உண்டே, அஞ்சு காலன் கேன் ரெண்டு நிரப்பி கேலியில ஏத்தினேன். 38 கிலோ.

கென்டக்கி தாண்டினதும் டென்னசி எல்லையில ஜெலிக்கோ மலை. ஏறி இறங்குற இடம். இறக்கத்துல 68 மைல் வேகம் இருக்கும். இடது பக்கம் ஒரு பெரிய ட்ரக் எங்களைத் தாண்டிப் போச்சு. அது தள்ளின காத்துல ட்ரெய்லர் லேசா ஒரு ஆட்டம் ஆடுச்சு. அப்புறம் அடங்கணும் இல்லையா? அடங்கல. அடுத்த ஆட்டம் அதை விடப் பெருசு. மூணாவது இன்னும் பெருசு. கண்ணாடியில பார்த்தா, நாங்க கட்டின வண்டி ஒரு தடவை இடது பக்கம் முழுசாத் தெரியுது, அடுத்த நொடி வலது பக்கம் முழுசாத் தெரியுது. கார் பின்பக்கத்தை யாரோ பிடிச்சு உலுக்குற மாதிரி இருக்கு. ஸ்டியரிங் லேசாயிடுச்சு. பொண்ணு பின் சீட்டுல. "அப்பா"ன்னு ஒரு தடவை சொன்னா, சத்தமாகூட இல்ல.

நான் புத்திசாலித்தனமா எதுவும் பண்ணல. உறைஞ்சு போயி ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் சரியான காரியம்னு பின்னாடி தெரிஞ்சுது. ட்ரெய்லர் ஆட ஆரம்பிச்சா வேகத்தைக் கூட்டக் கூடாது, பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஆட்டத்துக்கு எதிரா ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் போராடவும் கூடாது. காலை எடுத்துட்டு நேராப் பிடிச்சு, தானா வேகம் குறைய விடணும். ஐம்பது மைலுக்குக் கீழ வந்ததும் ஆட்டம் அடங்கிச்சு. நல்ல வேளை, அந்த நேரத்துல பக்கத்துல வேற வண்டி இல்ல. அடுத்த எக்ஸிட்ல இறங்கி நிறுத்தினேன். கை நடுங்கி சாவியை எடுக்க முடியல. மிச்ச தூரம் பூரா 45ல, எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கிட்டு, எல்லாரோட ஹாரனையும் வாங்கிக்கிட்டுப் போய்ச் சேர்ந்தோம். தங்கமணி ஒரு வார்த்தை பேசல.

எல்க்மான்ட் முகாம்ல இறங்கினா, எங்க இடத்துல இருந்து இருபதடியில தண்ணிக் குழாய்! ஓஹையோல இருந்து 38 கிலோ தண்ணியைக் குழாயடிக்கு இழுத்துட்டு வந்திருக்கேன். அவ்வ்வ்வ்...

ராத்திரி அடுப்பு பத்த வச்சுட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் தங்கமணி வாயைத் திறந்தாங்க. "பின்பாரம் ஆயிருக்குங்க."

"என்னது?"

"எங்கப்பா மாட்டு வண்டியில நெல்லு மூட்டை ஏத்தும்போது பார்த்திருக்கேன். பாரம் பின்னாடி சாஞ்சா நுகத்தடி மேல தூக்கிக்கும், பூட்டாங்கயிறு மாட்டுக் கழுத்தை இறுக்கும். முன்னாடி ரொம்ப ஏத்தினா கழுத்து அமுங்கிப் போகும். அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி பாரம் இருக்கணும்பாரு. கடைசி மூட்டையை ஏத்திட்டு நுகத்தைக் கையால தூக்கிப் பார்ப்பாரு. உங்க வண்டியில அடுப்படி, பேட்டரி, தண்ணி, ஐஸ் எல்லாமே அச்சுக்குப் பின்னாடிதானே இருக்கு?"

நான் இன்ஜினியரிங் படிச்சவன்னு எந்த வாயால சொல்றது? இதை வண்டி கட்டும்போதே சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். "நீங்க என்கிட்ட கேட்டது கதவுக்கு என்ன கலர் அடிக்கலாம்னுதான்"னாங்க. ஐயா கப்சிப்.

மறுநாள் தண்ணியைக் கொட்டி, பேட்டரியைக் கழட்டி கார்ல வச்சு, அம்பதைத் தாண்டாம வீடு வந்து சேர்ந்தோம். பெரியவர்கிட்ட நடந்ததைச் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனேன்னு அவர் சொல்லல. உள்ள போயி, குளியலறையில வைக்கிற பழைய முள் தராசு ஒண்ணை எடுத்துட்டு வந்து கையில குடுத்தார்.

இனிமே வர்றதுதான் விஷயம். கவனமாப் படிங்க.

நாக்கு எடை பார்க்க பெரிய மெஷின் எதுவும் வேணாம். வண்டியைச் சம தரையில நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை குடுத்து, பயணத்துல எது எது எங்க இருக்குமோ அதை அப்படியே ஏத்திடுங்க. காரைக் கழட்டிட்டு, நாக்கோட நுனிக்குக் கீழ குளியலறைத் தராசை வச்சு, அது மேல ஒரு மரத்துண்டு வச்சு, காரோட பந்து இருக்கிற உயரத்துல நாக்கு அது மேல உட்காரட்டும். தராசு காட்டுறதுதான் நாக்கு எடை. மொத்த எடைக்கு நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்ல இருக்கிற எடை மேடைக்குப் போனா சில டாலர்ல முடிஞ்சுது. நாக்கு எடை மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் இருக்கணும். இது இங்க ட்ரெய்லர் இழுக்கிற எல்லாருக்கும் பொதுவான விதி. அதுக்குக் கீழ போனா ஆட்டம். மேல போனா காரோட பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும்.

ஸ்மோக்கிக்குப் போன மாதிரியே எல்லாத்தையும் திரும்ப ஏத்தி எடை போட்டேன். மொத்தம் 560 கிலோ. மனசுல நான் நினைச்சிருந்தது 400. நாக்குல 56 கிலோவாவது இருக்கணும். இருந்தது 27. அஞ்சு சதவீதம்கூட இல்ல. இதை இழுத்துக்கிட்டு, என் பொண்ணைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு, மலை இறக்கத்துல 68ல போயிருக்கேன்.

தராசையே பார்த்துட்டு ரொம்ப நேரம் கராஜ்ல உட்கார்ந்திருந்தேன். அந்த 27 அங்கேயேதான் இருந்திருக்கு. ஜெலிக்கோ மலைக்கு முன்னாடியும் இருந்துச்சு, நாலு தடவை பார்க்குக்குப் போகும்போதும் இருந்துச்சு. பெரியவர் கேட்ட அன்னிக்குப் பார்த்திருந்தா பத்து நிமிஷ வேலை.

சரி செஞ்சது எப்படி? பொண்ணு நோட்டோட வந்து உட்கார்ந்தா. பள்ளிக்கூடப் பிசிக்ஸ்தான். ஒவ்வொரு பொருளையும் எடை போடுங்க. அச்சுல இருந்து அது எவ்வளவு தூரம்னு அளங்க. எடையையும் தூரத்தையும் பெருக்குங்க. அச்சுக்கு முன்னாடி இருந்தா கூட்டல், பின்னாடி இருந்தா கழித்தல். மொத்தத்தையும் கூட்டி, அச்சுக்கும் பந்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்தால வகுத்தா வர்றதுதான் நாக்கு எடை. எங்க வண்டியில அந்த தூரம் 2.6 மீட்டர்.

28 கிலோ பேட்டரி அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னாடி இருந்துச்சு. அதாவது கழித்தல் 25. அதையே நாக்கு மேல, அறைக்கு வெளியில, காத்துப் போற ஒரு பெட்டியில வச்சா அச்சுக்கு 1.6 மீட்டர் முன்னாடி. கூட்டல் 45. வித்தியாசம் 70. 2.6ஆல வகுத்தா 27. ஒரே ஒரு பேட்டரி இடம் மாறினதுல நாக்கு எடை 27ல இருந்து 54 ஆயிடுது! தண்ணி கேன் ரெண்டையும் காலியாக் கொண்டு போனா இன்னொரு 13 ஏறும். ஆக 67, மொத்த எடை 522 ஆகும்போது கிட்டத்தட்ட 13 சதவீதம். மாத்திட்டுத் தராசுல வச்சோம். 66 காட்டிச்சு. பொண்ணு மூஞ்சியில வந்த சிரிப்பை அன்னிக்குப் பார்க்கணுமே! தண்ணி இல்லாத இடத்துக்குப் போகும்போது கேனை உள்ள தரையில, அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி வச்சு கட்டிடுவோம்.

நான் வயர் மிச்சம் பிடிச்ச சாமர்த்தியத்துக்கு விலை என்னன்னு புரிஞ்சுதா? சில மீட்டர் வயர்.

இப்ப இதுக்கு வழக்கமா வர்ற எதிர்வாதங்களைப் பார்த்துடலாம். நான் இதை யார்கிட்ட சொன்னாலும் இதுல ஒண்ணு வருது.

"சின்ன வண்டிக்கு எல்லாம் ஆட்டம் வராது." வரும். காரோட இழுவைத் திறன் வேற, பாரம் எங்க உட்காருதுங்கிறது வேற. என் கார் 1590 கிலோ இழுக்கும், நான் கட்டினது அதுல மூணுல ஒரு பங்கு. ஆனாலும் ஆட்டிப் படைச்சுடுச்சு.

"நானும் அஞ்சு வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல." நானும் நாலு தடவை ஓட்டினேன், ஒண்ணும் ஆகல. அதே வண்டி, அதே கார். மாறினது தண்ணியும் வேகமும் இறக்கமும்தான். 1947ல அந்தப் பத்திரிகை வரைபடம் போட்டப்போ இன்டர்ஸ்டேட் சாலைகளே கிடையாது. அதுக்கான பெரிய சட்டம் 1956லதான் வந்துச்சு. அன்னிக்கு மெதுவாப் போற பாதைக்கு வரைஞ்ச வண்டியை, இன்னிக்கு 70 மைல் வேகத்துல பெரிய ட்ரக்குகளுக்கு நடுவுல இழுக்கிறோம். ட்ரெய்லர் டயர்கள்ல பலது 65 மைலுக்குத்தான் செஞ்சதுங்கிறதே நிறைய பேருக்குத் தெரியாது. வடிவம் பழசு, அழகு. சாலை புதுசு.

"ஆட்டம் அடக்குற கம்பி ஒண்ணு விக்கிறாங்களே, வாங்கி மாட்டிட்டாப் போச்சு." நல்ல சாமான்தான், குறை சொல்லல. ஆனா அது ஒழுங்கா பாரம் ஏத்தின வண்டிக்குக் கூடுதல் பாதுகாப்பு. பின்பாரமான வண்டியை அது சரி பண்ணாது. காய்ச்சல் ஏன்னு பார்க்காம நெத்தியில பத்து போடற கதை.

"முன்னாடி ஒரு மூட்டையைப் போட்டுக்கலாம்ல?" இது கொஞ்சம் நியாயமான கேள்வி. ஆனா டியர்டிராப்ல முன்பக்கம் இருக்கிறது படுக்கை. ராத்திரி மூட்டையை எடுத்து வெளிய வைப்பீங்க, காலையில மறந்து பின்னாடி கேலியில சொருகிட்டுக் கிளம்புவீங்க. மனுஷ ஞாபகத்தை நம்பி கட்டுற வண்டி சரியான வண்டி இல்ல. இந்த வண்டியோட அமைப்பே அப்படி: சமையல்கட்டு பின்னாடி, ஆளு படுக்கிற காலி இடம் முன்னாடி. பாரம் பின்னாடி சேரத்தான் பார்க்கும். அதனால வெட்டறதுக்கு முன்னாடியே அச்சைக் கொஞ்சம் பின்னாடி தள்ளணும், இல்ல கனமான சாமானுக்கு முன்னாடி ஒரு பெட்டி யோசிக்கணும். அச்சைத் தாள்ல நகர்த்த ரப்பர் போதும். வெல்டிங் பண்ணின அப்புறம் நகர்த்திப் பாருங்க, தெரியும்.

அந்தத் தம்பி, "கம்ப்யூட்டர்ல வரைஞ்சிருக்கேனே, அதுவே எடை சொல்லுமே"ன்னார். சொல்லும், ஒவ்வொரு பொருளுக்கும் எடையை நாம குடுத்தா. ப்ளைவுட்டுக்குக் குடுப்பீங்க. தோசைக்கல்லுக்குக் குடுப்பீங்களா? ஐஸுக்கு? பசைக்கும் பெயின்ட்டுக்கும்? நான் 400னு நினைச்சது 560 ஆனது பெரிய தப்பு ஒண்ணுனால இல்ல. 12 மில்லிமீட்டர் போதும்கிற இடத்துல 18 போட்டது, இன்னொரு இழுப்பறை, இருக்கட்டுமேன்னு இன்னொரு சட்டம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் ஒரு முழுப் பலகை சுமார் 30 கிலோ. பக்கச் சுவர்ல தேவையில்லாத இடத்தைக் குடைஞ்சு எடுத்துட்டு, அந்தக் குழியில ஃபோம் பலகை வச்சிருந்தா எடையும் குறைஞ்சிருக்கும், குளிரும் தாங்கியிருக்கும். எனக்குத் தெரியும். ஒரு வாரம் கூடுதல் வேலைன்னு விட்டேன்.

அதனால கட்டப் போறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்:

1. ரம்பம் வாங்கறதுக்கு முன்னாடி தராசு வாங்குங்க. ஒட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டையும் எடை போட்டு நோட்டுல எழுதுங்க. ஒட்டின அப்புறம் தனித்தனியா எடை போட முடியாது.

2. வண்டியை மட்டும் இல்ல, வண்டிக்குள்ள போகப் போற சாமானையும் எழுதுங்க. குக்கர் உள்பட.

3. அச்சு எங்கங்கிறதைக் கடைசியா முடிவு பண்ணுங்க. முதல்ல சமையல்கட்டு, பேட்டரி, தண்ணி, பெட்டி எல்லாம் எங்கன்னு தாள்ல வரட்டும்.

4. வண்டி முடிஞ்சதும் சாமானோட எடை போடுங்க. புதுசா எது சேர்த்தாலும் திரும்பப் போடுங்க.

5. வீட்டுல இருக்கிறவங்ககிட்ட கதவு கலரை மட்டும் கேக்காதீங்க.

மத்ததெல்லாம் முக்கியம் இல்லைன்னு சொல்லல. பாதுகாப்புச் சங்கிலியை நாக்குக்கு அடியில குறுக்கா மாட்டணும். கொஞ்ச தூரம் ஓடினதும் சக்கர நட்டை மறுபடி இறுக்கணும். உள்ள அடுப்பு பத்த வைக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். விளக்கு எரியலைன்னா முதல்ல வெள்ளை வயரைப் பாருங்க, பாதி நேரம் எர்த்துதான் தகராறு. ஆனா இதை எல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. எடையை யாரும் சொல்றதில்ல, ஏன்னா எடையைப் படம் எடுத்துப் போட முடியாது. இழுப்பறையைப் போடலாம்.

"இவ்வளவு பயம்னா ரெடிமேடா வாங்கிடலாமே"ன்னு கேப்பீங்க. என் கருத்து அது இல்ல. கட்டுங்க. காசு மிச்சம்னு கட்டாதீங்க, பெருசா மிச்சம் ஆகாது. பொண்ணோட பதினேழு மாசம் சனி, ஞாயிறு அந்தக் கராஜ்ல உட்கார்ந்தேனே, அதுக்காக மறுபடியும் கட்டுவேன். ஆனா அப்படிக் கட்டின வண்டியாலயே அவளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா? இந்த வரியை எழுதறதுக்கே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு எனக்கு.

ஜெலிக்கோ மலையை அடுத்த வருஷம் மறுபடி தாண்டினோம். 60ல போனேன். ட்ரக் ஒண்ணு தாண்டிச்சு. வண்டி லேசா அசைஞ்சு, உடனே அடங்கிடுச்சு. பின் சீட்டுல பொண்ணு தூங்கிட்டு இருந்தா. தங்கமணி மட்டும் கண்ணாடியில பார்த்துட்டு, "ம்"னாங்க.

பெரியவரோட தராசைத் திருப்பிக் குடுத்துட்டு நானே ஒண்ணு வாங்கிட்டேன். நேத்து அந்தத் தம்பி வீட்டுக்கு வந்து அதை வாங்கிட்டுப் போனாப்ல. மசாலா டப்பாவுக்குக் குழி போட்டிருந்தாப்லயே, அதை இனிமேதான் எடை போடணுமாம்.

டிஸ்கி: நான் வாகன நிபுணர் இல்ல. அடி வாங்கப் பார்த்துத் தப்பிச்சவன், அவ்வளவுதான். உங்க காரோட கையேட்டுல நாக்கு எடைக்கு ஒரு உச்ச வரம்பு போட்டிருப்பாங்க, அதையும் பார்த்துக்குங்க. வீட்டுல கட்டின வண்டியைப் பதிவு பண்ற விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க.